ஹாட் ராடாக மாற்றிவரும் 1984 பத்மினி, சூடானதும் நின்றுவிடுகிறது

காட்பாடியில், வீட்டின் பின்புறக் கொட்டகையில், 1984ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்றைப் பதினான்கு மாதங்களாக ஹாட் ராடாக, அதாவது பழைய காரை வேகத்துக்கும் தோற்றத்துக்கும் ஏற்பத் திருத்தியமைத்த வண்டியாக, மாற்றிவருகிறேன். முன் மட்கார்டுகளையும் பானெட்டையும் கழற்றிவிட்டேன். இன்ஜின் பழைய 1089 சிசி பெட்ரோல்தான், இன்ஜினின் சூடான புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மட்டும் நானே குழாய் வளைத்து வெல்டிங் செய்தது.

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் இன்ஜின், தோப்புக்குள் இருபது நிமிடம் ஓட்டியதும் இருமி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடுகிறது. வேலூர் வெயில் ஏறிய ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இது தொடங்கியது, ஆனால் அதே வாரத்தில்தான் புதிய மேனிஃபோல்டையும் பொருத்தினேன் என்பதால் எதைக் குறைசொல்வது என்று தெரியவில்லை.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். பெட்ரோல் பம்ப் டயாபிரம், இக்னிஷனில் உள்ள பாயின்ட், கண்டன்சர் மூன்றும் புதியவை. ரேடியேட்டரில் குறையில்லை, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியபோது இருமுறை உடனே ஸ்டார்ட் ஆனது, மூன்றாம் முறை ஆகவில்லை. பெட்ரோல் குழாய் மேனிஃபோல்டிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் செல்கிறது. பிளக்கின் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் மட்டும் பழையது. வண்டி நின்றவுடன் அதைத் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, அப்போது பிளக்கில் தீப்பொறி ஒருமுறை நன்றாகவும் மறுமுறை மங்கலாகவும் வந்தது. வேறு இன்ஜின் வைத்துவிடுங்கள் என்கிறார்கள் இங்குள்ள மெக்கானிக்குகள். அதற்கு எனக்கு மனமில்லை.

டேங்க் அருகே எலக்ட்ரிக் பம்ப் வைக்கச் செலவழிக்கும் முன், கோளாறு குழாயில் பெட்ரோல் ஆவியாவதாலா, காயிலாலா என்பதை உறுதியாகப் பிரித்தறிய எந்தச் சோதனையைச் செய்யலாம்?