கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்ததா, பாட்டி கதை விட்டாரா?

பழையபேட்டைக்காரன்:
எங்க பாட்டி சாகும்வரை, "சின்னப் பிள்ளையில கிருஷ்ணகிரியில ரயிலேறித் திருப்பத்தூர் போயிருக்கேன்"னு சொல்லிக்கொண்டே இருந்தார். நம்ம ஊரில் ஏது ரயில், தர்மபுரியை நினைத்துக் குழம்புகிறார் என்று நாங்கள் சிரிப்போம். இப்போது சந்தேகமாக இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

தகடூரான்:
பாட்டி சொன்னது நிஜம் தம்பி. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அகலம் குறைந்த ஒரு ரயில் பாதை போட்டார்கள், அடுத்த வருஷமே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று, அது 1913இல் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டுக்கு அப்புறம், அடுத்த பஞ்சம் வந்தால் தானியம் உள்ளே வர வழி வேண்டும் என்றுதான் இந்தப் பக்கம் தண்டவாளமே வந்தது. கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் மூடப்பட்டது, ஓசூர் பாதை 1941இல்.

சேலம்வாசி:
இப்போது தர்மபுரி வழியாகப் பெங்களூர் போகிறதே, அந்த லைன்தானே அது?

தகடூரான்:
இல்லை சார், எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடமே இதுதான். சேலம்-பெங்களூர் பாதை சுதந்திரத்துக்கு அப்புறம் மீட்டர் கேஜாக (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வந்து, பிறகு அகலப் பாதையானது. அதுவும் ராயக்கோட்டை வழியாகப் போய்விட்டதால் கிருஷ்ணகிரிக்கு மறுபடி நாமம்தான். 2004இல் மாவட்டத் தலைநகரமே ஆகிவிட்டது, இன்னும் பஸ்ஸில் போய்த்தான் ரயிலேறுகிறோம்.

மொரப்பூர் பயணி:
ஏன் மூடினார்கள் என்பதற்கு என் கணக்கு: தண்டவாள அகலம் வெறும் இரண்டரை அடி, மெட்ராஸ்-சேலம் மெயின் லைனோ ஐந்தரை அடி. மொரப்பூரிலோ திருப்பத்தூரிலோ ஆள் இறங்கி மாறி ஏறலாம், புளி மூட்டை தானாக ஏறுமா? ஒவ்வொன்றையும் கூலி கொடுத்து இறக்கி ஏற்ற வேண்டும். அதற்குள் பஸ்ஸும் லாரியும் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்துவிட்டன, பிறகு யார் அந்தப் பொம்மை ரயிலுக்குக் காத்திருப்பார்கள்.

பழையபேட்டைக்காரன்:
இரண்டரை அடியா! அதனால்தான் "எங்கப்பா காலை நீட்டினா எதிர்ல இருக்கிறவர் முட்டி இடிக்கும்"னு பாட்டி சொல்வார். அதற்கும் சிரித்திருக்கிறோம்.