ஹிக்கரி வில்லுக்கு டில்லரிங்: எங்கே மடங்குகிறது, எங்கே முறிகிறது

தொடக்கப் பதிவு

மரவில் செய்வதில் வெட்டி உருவாக்குவது சின்ன வேலை. டில்லரிங்தான் வில்லை வில்லாக்குவது. வில்லின் இரண்டு கைகளும் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள்) ஒன்றுபோல, எந்த இடமும் தனியாக மடங்காமல் வளையும்வரை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு போக வேண்டும். நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. முதுகில் அரம் படக்கூடாது. அங்கே ஒரே ஆண்டு வளையம் நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும்.

பேச்சு சிதறாமல் இருக்க ஒரே வில்லை வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தட்டை வில், ஹிக்கரி மரம், நீளம் 66 அங்குலம், 28 அங்குல இழுப்பில் விசை (நாணை அவ்வளவு இழுக்க வேண்டிய பலம்) 45 பவுண்டு. அங்கே மான் வேட்டைக்குப் பலரும் எடுக்கிற விசை இந்த அளவில்தான் இருக்கும். நடுவில் 4 அங்குலம் பிடி, அதன் இருபுறமும் 2 அங்குலச் சரிவு, இந்த 8 அங்குலம் வளையாது. மிச்சம் ஆளுக்கு 29 அங்குலம் இரண்டு கைகள். கையின் பாதிவரை அகலம் 1¾ அங்குலம், அங்கிருந்து நுனிக்கு அரை அங்குலமாகக் குறுகும். முதல் வெட்டில் கனம் சரிவருகே 16 மி.மீ., நுனியருகே 13 மி.மீ. விடுங்கள். முதுகின் இரு விளிம்பையும் உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள், கூர் விளிம்பில்தான் சிலும்பு கிளம்பும்.

எந்தக் கட்டத்தில் என்ன கெடுகிறது என்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மறுமொழி

கெடுவது பெரும்பாலும் நீள நாண் கட்டத்தில்தான். நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை அழுத்தி, கை வளைகிறதா என்று பார்த்த பிறகு, வில்லை வளைக்காமலே மாட்டக்கூடிய தளர்ந்த நாணைப் போட்டு டில்லர் மரத்தில் ஏற்றுவார்கள். டில்லர் மரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரில் நிறுத்திய ஒரு பலகை, உச்சியில் பிடி உட்காரும் பள்ளம், கீழே ஒரு கப்பி, கயிறு, ஸ்பிரிங் தராசு. கயிற்றை 6 அடி தள்ளி நின்று இழுக்கலாம். வில் முறிந்தால் துண்டு முகத்துக்கு வராது, கையின் வளைவும் முழுசாகக் கண்ணில் படும்.

விதி ஒன்றுதான்: முடிவில் வேண்டிய விசையைத் தாண்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். தராசு 45 காட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும், நாண் 10 அங்குலமே வந்திருந்தாலும் சரி. அதற்கு முன்பே வளைவில் கோளாறு தெரிந்தால் அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும். கோளாறோடு இழுத்தால் அந்த ஒரு இடத்து நார் மட்டும் நசுங்கிப்போகும். பிறகு எவ்வளவு திருத்தினாலும் அது மீளாது.

சீவிய உடனே பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை சீவியதும் குறைந்த இழுப்பில் 20, 30 தடவை இழுத்து விடுங்கள். எடுத்த மரத்தின் விளைவு அதன் பிறகே வளைவில் தெரியும். இதைச் செய்யாதவர்கள் ‘இன்னும் விறைப்பாக இருக்கிறதே’ என்று மறுபடி சீவி, மறுநாள் கை தொங்கிவிட்டது என்று வந்து நிற்பார்கள்.

மறுமொழி

மேலே சொன்னதற்குக் கணக்கும் உண்டு. விறைப்பு அகலத்தோடு நேர் விகிதத்தில் குறையும், கனத்தோடு அதன் மூன்றாம் அடுக்கில் குறையும். 13 மி.மீ. கனத்தில் 1 மி.மீ. எடுத்தால் அந்த இடத்தின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதனால் நாணேற்றிய பிறகு அரத்தைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஸ்கிரேப்பர் (மெல்லிய எஃகுச் சீவுதகடு) மட்டும்தான், அதுவும் ஒரு இடத்தில் பத்து இழுப்பு, பிறகு சோதனை. ஸ்கிரேப்பர் அதிர்ந்து அலை அலையாகக் கோடு விழுந்தால் கோணத்தை மாற்றிச் சாய்வாகப் பிடியுங்கள்.

கீல் விழுவதுதான் எல்லோரும் பயப்படுகிற கோளாறு. கையில் ஓரிடம் மட்டும் கதவுக் கீல் மாதிரி மடங்கும். கண் அங்கேயே போகும், கையும் அங்கேயே போகும், அதுதான் ஆபத்து. கீல் விழுந்த இடத்தைத் தொடக்கூடாது. அதன் இருபக்கமும் விறைப்பாக இருக்கிற பகுதியைச் சீவி அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விசை 5, 10 பவுண்டு இறங்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கண்ணை நம்பாதவர்களுக்கு ஒரு கருவி: 5 அங்குல நேரான கட்டை, நடுவில் துளை, அதில் பென்சில். வில்லைக் கொஞ்சம் இழுத்துக் கட்டிவைத்து, கட்டையை வயிற்றில் வைத்து, அதிகம் வளைந்த இடத்தில் பென்சில் முனை மயிரிழை தொடாமல் நிற்கும்படி இறுக்குங்கள். பிறகு கை முழுக்கத் தள்ளிக்கொண்டு போங்கள். கோடு விழுகிற இடமெல்லாம் வளையாத இடம், அங்கே மட்டும் சீவுங்கள். குறித்ததும் உடனே கயிற்றைத் தளர்த்திவிடுங்கள், வளைத்த நிலையில் நிறுத்திவைத்தால் மரம் அப்படியே பழகிவிடும்.

மறுமொழி

நண்பர் சொன்ன கட்டை நல்லதுதான், ஆனால் அது உங்களுக்கு எந்த வளைவு வேண்டும் என்று சொல்லாது. பிடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் குறுகிப்போகிற வில்லுக்கு வட்டத்தின் ஒரு துண்டு போல வளைவு வர வேண்டும். இங்கே எடுத்திருப்பது பாதிவரை ஒரே அகலம், ஆகவே நீள்வட்டம்: நடுக்கை அதிகமாகவும் கடைசி 6 அங்குலம் குறைவாகவும் வளையலாம். சரிவருகே வளைவு அதிகமாக இருக்கவே கூடாது. அங்கே மரம் கொஞ்சம் அசந்தாலும் நுனி பல மடங்கு பின்வாங்கும். பிடிக்குத் தனிக் கட்டை ஒட்டியிருந்தால் அதுவும் பிளந்துகொண்டு வரும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் மரம் வளைந்ததுதான் காரணம்.

நீள நாணில் 45 பவுண்டுக்கு நுனிகள் சுமார் 6 அங்குலம் இறங்கினால் 3 அங்குல உயரத்தில், அதாவது பிடிக்கும் நாணுக்கும் இடையே 3 அங்குலம் இருக்கும்படி, நாணேற்றிப் பார்க்கலாம். ஏற்றியதும் இருபுறச் சரிவிலும் நாணுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அம்புக்கு மேல் ஒரு விரல், கீழ் இரண்டு விரல் வைத்து இழுப்பவருக்கு மேல்கை 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவருக்கு இரண்டும் சமமாக இருந்தால் போதும். டில்லர் மரத்திலும் கொக்கியை நாணின் நட்டநடுவில் மாட்டாதீர்கள், விரல் பிடிக்கிற இடத்தில் மாட்டுங்கள். நடுவில் மாட்டிப் பார்த்த சமன் கையில் எடுத்ததும் மாறிவிடும்.

நாண் பிடியின் ஒரு ஓரமாக ஒதுங்கினால் கை முறுக்குகிறது என்று பொருள். வெர்னியர் வைத்து இரு விளிம்பின் கனத்தையும் அளந்து, கனத்த விளிம்பைச் சீவுங்கள்.

மறுமொழி

ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஹிக்கரி முதுகு லேசில் அறுந்துபோகாது, அதன் பலவீனம் வயிறுதான். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் அருமையான மரம், 12 தாண்டினால் நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும். இதைத்தான் செட் என்கிறோம். ஒரு அங்குலம் வரை பரவாயில்லை, இரண்டு தாண்டினால் அம்பு வேகம் குறைவது தெரியும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் திறந்த இடத்தில் வைத்த மரம் 12-க்குக் கீழே வருவதே அரிது. ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் பல்பு போட்டு 38 டிகிரியில் வைத்து, மரத்தின் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். ரொம்பவும் காயவிட்டாலும் வம்பு, 5-க்குக் கீழே போனால் மரம் முறிய வாய்ப்பு அதிகம்.

வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் நார் நசுங்கிவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. கோட்டின் இருபுறமும் சீவிச் சுமையைப் பரப்பினால் குறைந்த விசையில் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

வயிற்றை ஹீட் கன் வைத்துக் காப்பி நிறத்துக்கு வாட்டுவது ஹிக்கரிக்கு நன்றாகவே உதவும். விசை ஏறும், செட் குறையும். ஆனால் வாட்டிய மரம் காய்ந்து கிடக்கும், காற்றிலிருந்து ஈரம் திரும்ப ஒரு வாரமாவது விடாமல் வளைத்தால் வில் இரண்டு துண்டு.

மறுமொழி

ஐயா, இந்தியாவில் இருந்து செய்பவர்கள் 45 பவுண்டுக்கு அலைய வேண்டுமா?

மறுமொழி

தேவையில்லை தம்பி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டைக்குத் தடை, இலக்குப் பயிற்சிக்கு 30, 35 போதும். அகலத்தை அப்படியே வைத்துக் கனத்தை மட்டும் குறையுங்கள். மரம் குறைவாகச் சிரமப்படும், செட்டும் குறையும்.

எந்த விசைக்குச் செய்தாலும் 2, 3 பவுண்டு கூடுதலாக நிறுத்துங்கள். உப்புத்தாள் தேய்ப்பிலும் முதல் நூறு அம்பிலும் அது கரைந்துவிடும். அந்த நூறையும் முழு இழுப்பில் விடாதீர்கள், 24 அங்குலத்தில் தொடங்கி ஏற்றுங்கள். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. எய்து பழக்கிய பிறகு மறுபடி டில்லர் மரத்தில் ஏற்றி, மேல்கை கீழ்கை அளவு மாறியிருந்தால் திருத்திவிட்டு அப்புறம் வார்னிஷ் அடியுங்கள். வார்னிஷ் அடித்த பிறகு சீவ வேண்டி வந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டியிருக்கும்.