பங்கிமே: டோகோன் மக்கள், டோகோன் அல்லாத மொழி?

வெள்ளவத்தை வாசகன்:
போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நாங்கள் நாலைந்து பேர் பம்பலப்பிட்டியில் கூடி ஒரு மொழியைப் பற்றிப் பேசுவோம். அடுத்தது என் முறை. மாலி நாட்டின் பங்கிமேயை எடுத்திருக்கிறேன். பண்டியாகரா மலைச்சரிவில் ஏழு ஊர்கள், சில ஆயிரம் பேர். டோகோன் என்பது அந்தப் பகுதியில் வாழும் ஓர் இனம்; அவர்களின் மொழிகளுக்கும் அதே பெயர்தான். பங்கிமே பேசுகிறவர்களும் தங்களை டோகோன் என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்த மொழிக்கு டோகோனோடும் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. கேட்பவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
நீர்கொழும்பில் இருந்து தொடங்குங்கோ அண்ணா. அங்கே தமிழ் வேருள்ள மீனவக் குடும்பங்கள் பல இன்று சிங்களம்தான் பேசுகின்றன. இனமும் மொழியும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை. கூட்டம் உடனே பிடித்துக்கொள்ளும்.

மருதானை மணி:
டீச்சரின் உதாரணம் பாதிதான் பொருந்தும். நீர்கொழும்பில் நடந்தது மொழி மாற்றம். பங்கிமேக்காரர் தங்கள் மொழியை விடவில்லை, அடையாளத்தில்தான் டோகோனோடு நிற்கிறார்கள். இலக்கணமும் சொல்லுங்கள்: டோகோன் மொழிகளில் நம் தமிழ்போல வினையோடு விகுதிகள் ஒட்டும். பங்கிமேயில் அப்படி ஒட்டுவது மிகக் குறைவு. அப்புறம், 'ஆதி மக்களின் கடைசி எச்சம்' என்றெல்லாம் அளக்க வேண்டாம். தனிமொழி என்றால் உறவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். மாலியின் 2023 அரசியலமைப்பையும் சேருங்கோ. பிரெஞ்சு ஆட்சிமொழி இடத்தை இழந்தது, தேசிய மொழிகள் அந்த இடத்துக்கு வந்தன. டோகோன் அந்தப் பட்டியலில் உண்டு, பங்கிமே இல்லை.

வெள்ளவத்தை வாசகன்:
அட, 1956இல் இங்கே வந்த தனிச் சிங்களச் சட்டத்தைப் பார்த்த பெரியவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். இதில் பிடித்தால் இரவு பத்து மணியாகிவிடும்!