மறுமொழி: ஆந்தோகார்ப் – தமிழ்ச்சொல் தேவை (மூக்கிரட்டை இனங்கள்)

அன்புடையீர், வணக்கம்.

பூவிதழ்க் குழலின் அடிப்பகுதி உதிராமல் தங்கி, உள்ளிருக்கும் கனியை மூடிக்கொள்ளும் அமைப்பே ஆந்தோகார்ப். இதற்குப் 'பூக்கனி' என்று இங்கு முன்வைக்கப்பட்ட சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எந்தக் கனியும் பூவிலிருந்தே உருவாவதால், இச்சொல் எதையும் பிரித்துக் காட்டவில்லை. நமக்கு வேண்டியதோ பிரித்துக் காட்டும் சொல். ஏனெனில் மூக்கிரட்டை (போயர்ஹாவியா) என்ற செடிவகையின் இனங்களை ஐயமின்றி இனங்காண உதவும் உறுப்பு இதுவே.

மணற்பாங்கான தரிசுகளிலும் சாலையோரங்களிலும் போயர்ஹாவியா டிஃப்யூசா, போயர்ஹாவியா எரெக்டா ஆகிய இரண்டும் அருகருகே வளர்வதுண்டு. இரண்டுக்கும் 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். முன்னது தரையில் படரும், பின்னது நிமிர்ந்து நிற்கும் என்பது பொதுவாகச் சரியே. ஆயினும் புல்லுக்கிடையே முளைத்த படர்கொடி தலைதூக்கும். ஆடு மேய்ந்த நிமிர்செடி பக்கவாட்டில் சாயும். கருஞ்சிவப்புப் பூவா, வெளிறிய பூவா என்று பார்க்கலாமென்றால், அந்தச் சிறு பூக்கள் வெயில் ஏறியதும் வாடிவிடுகின்றன. எப்போதும் கையில் கிடைப்பது ஏறக்குறைய 3 மி.மீ. நீளமுள்ள அந்தக் காய், அதாவது ஆந்தோகார்ப்தான். டிஃப்யூசாவில் அது கதாயுதம்போல் நுனி பருத்து உருண்டிருக்கும். அதன் ஐந்து புடைப்பு வரிகளிலும் சுரப்பித் தூவிகள் (பசை சுரக்கும் நுண்மயிர்கள்) இருப்பதால் விரலிலும் வேட்டியிலும் ஒட்டும். எரெக்டாவில் அது தலைகீழ்க் கூம்பு வடிவில், நுனி வெட்டியதுபோல் தட்டையாக, தூவிகளின்றி இருக்கும், ஒட்டாது.

இந்த வரிகளும் தூவிகளும் உண்மையில் கனியின் உறுப்புகள் அல்ல. இப்பூவில் புல்லி, அல்லி என்ற பிரிவு இல்லை; உள்ளது ஒரே பூவிதழ்க் குழல். அதன் நிறமுள்ள மேற்பகுதி உதிர்ந்த பின், பச்சையான அடிப்பகுதி தங்கித் தடித்து, உள்ளிருக்கும் ஒற்றை விதைக் கனியை முழுவதுமாக மூடிக்கொள்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த அந்திமந்தாரையில் நாம் விதை என்று பொறுக்கி வைக்கும் கறுத்த மணியும் இத்தகையதே. அந்த ஓட்டை உடைத்தால்தான் மாவு நிறைந்த உண்மையான விதை தென்படும்.

ஆகவே 'பூவுறைக்கனி' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். உறையை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் 'பூவுறை' என்றே எழுதலாம் என்பது இதன் பெரிய வசதி: "பூவுறை ஐந்து வரிகளுடையது, சுரப்பித் தூவிகள் கொண்டது" என்று விளக்கம் சுருங்கவும் தெளியவும் அமைகிறது. 'பொய்க்கனி' என்ற மாற்று, முந்திரியின் பருத்த காம்பையும் ஆப்பிளையும் ஏற்கெனவே குறித்து நிற்பதால் இங்குப் பொருந்தாது.

ஒரு தடை எழக்கூடும். காகிதப்பூவும் இக்குடும்பமே, அதன் வண்ண மடல்களைப் பூவுறை என்று யாரேனும் கொள்ளலாம். அவற்றுக்குப் பூவடிச்செதில் என்ற சொல் பாடநூல்களில் நிலைபெற்றிருப்பதால் குழப்பம் நீடிக்காது என்றே கருதுகிறேன்.

சில ஊர்களில் மூக்கிரட்டையோடு குழப்பிக்கொள்ளப்படும் சாரணைக்கு இச்சொல் பொருந்தாது. அது வேறு குடும்பம். அதன் கனி மூடிபோல் மேற்பகுதி கழன்று திறக்கும் வெடிகனி. கலைச்சொல் பட்டியலில் பூவுறைக்கனிக்கான விளக்கத்தின் கீழ் இந்த வேறுபாட்டையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன்.