அறக்கட்டளையா, சமூகத் தொழிலா: வாக்கெடுப்புக்கு முன்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம். நம் சங்கத்தின் திட்டத்தை அறக்கட்டளையாக நடத்துவதா, சமூகத் தொழிலாக, அதாவது சமூக நோக்கத்துக்காக நடத்தும் தொழிலாக, நடத்துவதா என்று வாக்கெடுக்கப் போகிறோம்.

லாப நோக்கற்ற அமைப்பு என்றால் வருமானமே வரக் கூடாது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. அது கட்டணம் வாங்கலாம், பொருள் விற்கலாம், ஆண்டு முடிவில் மிச்சமும் பிடிக்கலாம். அந்த மிச்சத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்ட நோக்கத்துக்கே அது திரும்பிப் போக வேண்டும்.

அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் செலுத்துகிறவர்களின் பணம்தான் இலவச சிகிச்சையையும் தாங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதியில் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, தாங்களே தயாரித்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். இதை அறக்கட்டளை என்றாலும் சரி, சமூகத் தொழில்முனைவு என்றாலும் சரி.

மெக்சிகோவின் கொம்பார்த்தாமோஸ் கதை வேறு. 1990-இல் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் தொண்டு நிறுவனமாகப் பிறந்து, பிறகு வணிக நிறுவனமாகி, 2007-இல் பங்குச் சந்தைக்குப் போனது. முதலீட்டாளர்கள் அள்ளினார்கள்; கடன் வாங்கிய பெண்கள் கட்டியதோ மிக உயர்ந்த வட்டி. நிறைய மூலதனம் வந்தால்தான் நிறையப் பேருக்குக் கடன் தர முடியும் என்று நிறுவனத்தார் வாதிட்டார்கள். வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியை நிறுவி 2006-இல் நோபல் பரிசு பெற்ற முகமது யூனுஸ் அதை ஏற்கவில்லை, வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் சொல்லும் சமூகத் தொழிலில் முதலீட்டாளர் போட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம், லாபத்தில் பங்கு (ஈவுத்தொகை) கிடையாது. நான் யூனுஸ் பக்கம்தான்.

ஆனால் எல்லாச் சேவையையும் தொழிலாக்க முடியாது. கைவிடப்பட்ட மனநோயாளியிடமோ, கொத்தடிமை நிலையிலிருந்து மீண்டவரிடமோ எப்படிக் கட்டணம் கேட்பது? அங்கே நன்கொடைதான் வழி. கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்காளர் சம்பளத்தை வீண்செலவு என்று ஒதுக்காதீர்கள். கொடுத்த காசு முழுவதும் பயனாளிக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கணக்கு எழுத ஆளிருக்காது. அப்புறம் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

நம் திட்டத்தில் எனக்கு இரண்டு கேள்விகள். பணம் கட்ட முடியாதவருக்காக ஆண்டுதோறும் யார் கட்டுவார்கள்? மிச்சம் வந்தால் அதை என்ன செய்வது என்று தீர்மானிக்கப் போவது யார்? இரண்டுக்கும் பதில் அமைப்பின் பத்திரத்தில் எழுத்தில் இருந்தால் ஆதரித்து வாக்களிப்பேன். வரைவைச் சுற்றுக்கு விடுங்கள், வரி வரியாகப் படித்துக் கருத்து எழுதுகிறேன்.