எம்ஜிபி கிளட்சில் காற்று: மிதித்து எடுப்பதா, கீழிருந்து ஏற்றுவதா?

ரோட்ஸ்டர்66:
என்னுடைய 1966 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது), ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயிலின் அழுத்தத்தால் கிளட்சை விடுவிப்பது) இரண்டையும் புதிதாக மாற்றினேன். உள்ளே புகுந்த காற்றை எடுக்க, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் வண்டிக்கடியில் படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகை) திறந்து மூடும் வழக்கமான முறையில் அரை லிட்டர் பிரேக் ஆயில் செலவான பிறகும், கிளட்ச் முழுதாக விடுபடாமல் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் விழுகிறது. கீழிருந்து ஆயிலை ஏற்றிப் பார்க்கலாமா?

நிப்பிள்பக்கம்:
அதுவே சரியான வழி. கிளட்ச் பெடலை ஒருமுறை மிதித்தால் நகரும் ஆயில் மிகக் குறைவு. ஆகவே குழாயின் மேட்டில் தங்கிய குமிழி சற்றே கீழிறங்கி, நிப்பிளை மூடிப் பெடலை விடுவதற்குள் மிதந்து பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஒரு பெரிய சிரிஞ்சிலும் அதன் குழாயிலும் குமிழியே இல்லாமல் டாட் 4 ரக பிரேக் ஆயிலை நிரப்பி, நிப்பிளில் மாட்டி மெதுவாக அழுத்துங்கள். மேலே ஆயில் தொட்டியில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடைவதைக் கண்ணால் காணலாம். தொட்டியில் பாதியை முன்னதாகவே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும்.

அளந்துபார்:
நான் உடன்படவில்லை. பழைய குழாயில் படிந்திருக்கும் கசடு முழுவதையும் புது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஏற்றிவிடும் முறை இது. அதற்கும் முன்பு, குறை காற்றினால்தானா என்பதை உறுதி செய்ய வேண்டாமா? ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு (கிளட்ச் நெம்புகோலைத் தள்ளும் தண்டு) எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். சுமார் 12 மில்லிமீட்டர் வர வேண்டும். பெடலைத் தொடர்ந்து நாலைந்து முறை மிதித்ததும் நகர்வு கூடினால் காற்று இருக்கிறது. கூடாவிட்டால் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். பல எம்ஜிபிகளில் அந்தப் பின்னில் பள்ளம் விழுந்து, பெடலின் துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். அங்கே வீணாகும் நகர்வை எந்தச் சிரிஞ்சாலும் மீட்க முடியாது.

நிப்பிள்பக்கம்:
பின்னைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டு சிலிண்டரையும் கழற்றியவர் குழாயிலிருந்த ஆயிலைக் காலியாக்கியிருக்கிறார். காற்று புகாமல் இருந்திருக்க வழியே இல்லை. கசடு பற்றிய அச்சத்துக்கும் இடமில்லை, ஏனென்றால் அரை லிட்டர் ஆயில் ஏற்கெனவே அந்தக் குழாயைக் கழுவிவிட்டது.

ரோட்ஸ்டர்66:
இருவர் சொன்னதையும் செய்தேன். புஷ் ராடு முதலில் 7 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. தொடர்ந்து மிதித்ததும் 9 ஆனது. சிரிஞ்சால் ஏற்றியபோது தொட்டியில் நீண்ட நேரம் குமிழிகள் வந்தன. அதன்பின் தொடர்ந்து மிதிக்காமலே, ஒரே மிதியில் 10 கிடைத்தது. கிளெவிஸ் பின்னில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. அதை மாற்றி, தேய்ந்த துளைக்குள் உலோக வளையம் (bush) போட்டதும் 12 வந்துவிட்டது. இந்த கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்பதால் பெடலை அழுத்தி ஓரிரு விநாடி பொறுக்கிறேன், சத்தமின்றி விழுகிறது.

அளந்துபார்:
மகிழ்ச்சி. ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழையதா? இன்னொருவரை மிதிக்கச் சொல்லி அதைக் கையால் பிடித்துப் பாருங்கள். உப்பினால் அதையும் மாற்றிவிடுங்கள்.