சூலூர் சொந்தங்கள் குழு: சுமதியிடம் நீட்டிய காகிதம்

சுமதி: எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஒரு விஷயம் கேட்கணும். எங்கள் மில்லில் நூல் நூற்கிற பழைய ரிங் பிரேம் பாதியைக் கழற்றிவிட்டு, தானாகவே டாஃபிங் செய்கிற, அதாவது நூல் நிறைந்த பாபினைத் தானே கழற்றுகிற புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள். இன்று சிப்ட் முடிந்ததும் எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று டைப் அடித்திருக்கிறது, தேதி மட்டும் காலி. கையெழுத்துப் போட்டால் 50,000 ரூபாய் அக்கவுண்டில் ஏறுமாம். போடாவிட்டால் பேக்கிங்கில் நைட் சிப்ட்தானாம். சனிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள்.

மல்லிகா: அடக் கடவுளே. மத்தியானம் போன் பண்ணினபோதுகூட நீ சொல்லவில்லையே கண்ணு

சுமதி: அப்போது எனக்கே தெரியாதும்மா

ரங்கசாமி பெரியப்பா: கையெழுத்துப் போட்டுவிட்டாயா அம்மிணி? அதை முதலில் சொல்லு.

சுமதி: இல்லைங்க பெரியப்பா. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காகிதத்தைக் கையில் தரமாட்டேன் என்றார்கள், போட்டோவும் எடுக்க விடவில்லை.

ரங்கசாமி பெரியப்பா: நல்லது. போடாதே. சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

பிரகாஷ்: அக்கா, எங்கள் மில்லில் போன வருஷம் இதே மெஷின்தான் இறக்கினார்கள், ஃபிட்டிங்கில் நானும் இருந்தேன். ஒரு பிரேமில் 1,000 ஸ்பிண்டிலுக்கு மேல் இருக்கும். முன்பு காப்ஸ், அதாவது நூல் சுற்றிய பாபின்கள், நிறைந்ததும் ஆட்கள் வரிசையாக நின்று பிடுங்கி, வெற்றுப் பாபினைச் செருகுவார்கள். இப்போது நீளமாக ஒரு பார் கீழே இறங்கி எல்லாவற்றையும் ஒரே பிடியில் தூக்கிவிடுகிறது, சில நிமிஷத்தில் பிரேம் மறுபடி ஓடுகிறது. பக்கத்திலேயே நூலைப் பெரிய கோனாகச் சுற்றுகிற ஆட்டோ கோனரை இணைத்துவிட்டால் காப்ஸ் தானாகவே அங்கே போய்விடும், டிராலி தள்ளவும் ஆள் வேண்டாம். ஆனால் ஒன்று, அறுந்த நூலை இன்னும் கையால்தான் சேர்க்கிறார்கள். அப்படிப் பிரேம் பக்கத்தில் நின்று சைடு பார்க்க ஆள் வேண்டும். பாபின் சரியாக உட்காராமல் மெஷின் நின்றால் ஸ்கிரீன் பார்த்து சரிசெய்யவும் ஆள் வேண்டும். பத்து நாள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால் அக்கா அதைத் தாராளமாகச் செய்வாள். இங்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வெளியிலிருந்து டிப்ளமோ பையன்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

கார்த்தி: அக்கா நான் சொல்வதைத் தப்பாக எடுக்காதே. திருப்பூரில் நானும் ஒரு யூனிட் வைத்து முப்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவன். ஓவர்லாக்குக்கு டெய்லர் கிடைப்பதே இல்லை, ஒடிசா பையன்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நூல் விலை ஒரு பக்கம், கரண்டு பில் ஒரு பக்கம். மெஷின் போடாதவன் ஆர்டரை இழப்பான், ஆர்டர் போனால் இருக்கிற வேலையும் போகும். மில்காரர் மெஷின் போட்டதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

ரங்கசாமி பெரியப்பா: கார்த்தி, மெஷின் வேண்டாம் என்று யார் சொன்னது? 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின் கரண்டு வந்த பிறகுதான் கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. உங்கள் தாத்தா காட்டு வேலையை விட்டு மில்லுக்குப் போனதே அதனால்தான். நான் கேட்பது, மெஷின் வருகிறது என்று அதில் நிற்கிறவளிடம் முன்கூட்டிச் சொன்னார்களா என்பதுதான். ஆட்குறைப்பு வரக்கூடிய மெஷின் மாற்றம் என்றால் 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிற தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. சுமதி, நோட்டீஸ் போர்டில் ஏதாவது ஒட்டினார்களா?

சுமதி: ஒன்றும் இல்லைங்க பெரியப்பா. லாரியில் பெட்டி இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரியும்.

ரங்கசாமி பெரியப்பா: அப்போது அங்கேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. இப்போது கணக்கைப் பார். உனக்கு நாள் கூலி 500, சர்வீஸ் 14 வருஷம். ஆட்குறைப்பு என்று அவர்கள் வேலையை விட்டு எடுத்தால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அது 1,05,000. ஒரு மாத நோட்டீஸ், இல்லை அதற்கான சம்பளம். புது வேலை கற்றுக்கொள்வதற்கான நிதியில் இன்னொரு 15 நாள் சம்பளம், 7,500 ரூபாய், 45 நாளுக்குள் உன் அக்கவுண்டில் விழ வேண்டும். இதெல்லாம் போக கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை தனி, அதுவும் 1,05,000. நீயாகவே விலகினேன் என்று கையெழுத்துப் போட்டால் அது ஆட்குறைப்பே இல்லை என்று ஆகிவிடும், கிராஜுவிட்டி தவிர மற்ற எல்லாம் போச்சு. அவர்கள் காட்டுகிற 50,000 உன் கிராஜுவிட்டியில் பாதிகூட இல்லை.

மல்லிகா: மாமா, இவ்வளவு இருக்கா? இது தெரியாமல் போன தீபாவளிக்கு மூன்று பெண்கள் 30,000 வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாமே

சுமதி: ஆமாம்மா. அதில் ஒருத்தி இப்போது தோட்டத்தில் வெங்காயம் அறுக்கப் போகிறாள்.

கார்த்தி: பெரியப்பா, இவ்வளவு ஆள் உள்ள மில்லில் அரசாங்க அனுமதி வாங்காமல் ஆளைக் குறைக்க முடியாது என்பார்களே?

ரங்கசாமி பெரியப்பா: முன்பு 100 பேர் இருந்தாலே அனுமதி வேண்டும். புதுச் சட்டத்தில் அதை 300 ஆக்கிவிட்டார்கள். சுமதி மில்லில் 200 சொச்சம் பேர்தான், அதனால் அனுமதி தேவைப்படாது. நம் பக்கத்தில் பாதி மில் அந்த அளவுதான். இது தொழிலாளிக்குப் பெரிய அடி, மனசு ஆறவே இல்லை எனக்கு. ஆனால் 300 பேருக்குக் கீழே இருந்தாலும் நோட்டீசும் நஷ்ட ஈடும் கொடுத்தே ஆக வேண்டும். நைட் சிப்டும் அப்படித்தான், பெண்களின் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது. மிரட்டலுக்குப் பயப்படாதே.

பிரகாஷ்: எல்லோரும் சேர்ந்து ஸ்டிரைக் பண்ணினால் என்ன பெரியப்பா?

ரங்கசாமி பெரியப்பா: எடுத்தவுடன் அது வேண்டாம் சாமி. இப்போது 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிற்சாலையிலும் ஸ்டிரைக் பண்ண முடியாது. அதுவும் போக, கான்பூரில் 1955-ல் மெஷினை முன்வைத்தே 80 நாள் மில் ஆட்கள் வெளியே நின்றார்கள். திருப்பூரில் 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள். அந்த நாள்களில் அடுப்பு எரியாத வீடு எத்தனை என்று எனக்குத் தெரியும். 1957-ல் டெல்லியில் முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் மூன்று தரப்பும் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் உட்கார்ந்து பேசியதில் ஒரு ஏற்பாடு வந்தது. புது மெஷின் போடலாம், ஆனால் இருக்கிற ஆளுக்கு வேலையும் சம்பளமும் போகக்கூடாது, வருகிற லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும், வேலைப்பளுவை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட நிபுணரை வைத்து அளக்க வேண்டும். சட்டமாக வரவில்லை, ஆனாலும் இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியாது. திருப்பூரில் கூலி ஒப்பந்தத்துக்கு முதலாளிகள் சங்கமும் யூனியன்களும் ஒரே மேசையில் உட்காரவில்லையா, அதே மேசையில் மெஷின் விஷயத்தையும் பேசலாமே. கார்த்தி, உன்னைத்தான் கேட்கிறேன்.

கார்த்தி: பேசலாம் பெரியப்பா. எங்களுக்கு மெஷின் வாங்க 1999-லேயே டெக்னாலஜி அப்கிரேடேஷன் ஃபண்ட் என்று வட்டிச் சலுகை கொடுத்தார்கள், நான் மறுக்கவில்லை. அடுத்த மாதம் என் கட்டிங் டேபிளில் துணி விரிக்க ஆட்டோ ஸ்பிரெடர் வருகிறது. இரண்டு பேருக்கு வேலை குறையும். அவர்களை முன்னாடியே உட்கார வைத்து, செக்கிங்குக்கு மாற்றலாமா, ஸ்பிரெடரே கற்றுக்கொடுக்கலாமா என்று நாளைக்கே கேட்கிறேன். கூலியைக் குறைக்க மாட்டேன்.

பிரகாஷ்: 👍 ஸ்பிரெடருக்கு நான் வந்து சொல்லித் தருகிறேன் அண்ணா

சுமதி: பெரியப்பா, எனக்கு வேலைதான் வேணும்ங்க, காசு அப்புறம். பையன் அடுத்த வருஷம் பிளஸ் டூ. அந்தப் புது மெஷினிலேயே சைடு பார்க்கிறேன் என்று எழுதிக் கேட்கலாமா?

ரங்கசாமி பெரியப்பா: கேட்கணும் அம்மிணி, அதைத்தான் முதலில் கேட்கணும். மெஷினில் பயிற்சி கொடுங்கள், இல்லை சட்டப்படி நோட்டீஸ் கொடுங்கள் என்று இரண்டு வரி. ரெஜிஸ்டர் தபாலில் மில்லுக்கு ஒன்று, தொழிலாளர் துறை சமரச அதிகாரிக்கு ஒரு நகல். காகிதம் நீட்டப்பட்ட மற்றவர்கள் யார்?

சுமதி: எங்கள் சிப்டில் மட்டும் ஏழு பேர். அழுதுகொண்டே போனார்கள். இதைச் சொன்னால் வருவார்கள்.

ரங்கசாமி பெரியப்பா: சனிக்கிழமைக்குள் யாரும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று இன்று இரவே ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிச் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், ஈ.எஸ்.ஐ. அட்டை, வேலையில் சேர்ந்த தேதி இருக்கிற எந்தக் காகிதமானாலும் சரி, ஒன்று விடாமல் எடுத்து வரணும்.

சுமதி: சரிங்க பெரியப்பா. இப்போதே கூப்பிடுகிறேன்.